பாவுதினோ சாலை மூடியிருக்கிறது

ஜனவரி 14, அக்தாவ்

அல்மாட்டியிலிருந்து விமானம் நேரத்துக்கு வந்தது. மாட்டிக்கொண்டது இங்கேதான். பனிப்புயலால் பாவுதினோ சாலையை மூடிவிட்டார்கள். அங்கே அண்ணன் ஒரின்பாய் மூளையில் ரத்தக்கசிவு வந்து படுத்திருக்கிறார். "உன் பேரைத்தான் சொல்லிட்டிருக்காரு, சீக்கிரம் வா" என்றாள் அண்ணி. இன்னும் நூற்று நாற்பது கிலோமீட்டர்.

பேருந்து நிலையத்தில் முண்டியடித்து, முதல் வண்டியில் இடம் பிடித்தேன். டிரைவர் சிரித்தார்: "சீட்டு இருக்குக்கா, ரோடுதான் இல்ல."

தெருக்களுக்குப் பெயரே இல்லாத ஊர், எல்லாம் எண்கள். வழி தவறித் தவறி, அக்ஜிபெக் அக்கா வாடகைக்கு விடும் அறைக்கு வந்து சேர்ந்தேன். குளிரில் என் போன் அடிக்கடி அணைந்துபோகிறது. அண்ணியிடம் அக்காவின் எண்ணையும் கொடுத்துவைத்தேன்.

ஜனவரி 15

திறக்கவில்லை.

அறையில் இருக்க முடியாமல் கடற்கரைக்குப் போனேன். அலை தெறித்த கம்பிகளெல்லாம் பனிக்கட்டி. காற்றில் நிற்க முடியவில்லை. அக்கா திட்டினாள்: "காத்து உன்னைத் தூக்கிட்டுப் போய் கடலுக்கு அந்தப் பக்கம் பாகுவில போட்டிருக்கும். அங்கேயிருந்து உன்னை யாரு கூட்டிட்டு வர்றது?" சிரித்துவிட்டேன்.

சாயங்காலம் அண்ணி பேசினாள். இரண்டு கரண்டி சூப் குடித்தாராம்.

ஜனவரி 16

அண்ணியின் போனை அவள் தம்பி எடுத்தான். "தூங்குறாருக்கா. நீங்க அவசரப்படாதீங்க."

பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். இந்தப் புயலில் அந்த வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள்? அவசரப்படாதே என்று ஏன் சொல்கிறான்?

அக்காவிடம் காலையிலிருந்து ஒரு கிண்டலும் இல்லை.

ஜனவரி 17

மதியம் அக்கா குதிரை இறைச்சி வேகவைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "பக்கத்துவீட்டுப் பெரியவங்க வர்றாங்க. நீயும் வந்து உக்காரு."

மூன்று கிழவர்கள் வாசலில் காலணியைக் கழற்றினார்கள். எனக்குத் தெரியாதா? சாவுச் செய்தியை நாங்கள் போனில் சொல்வதில்லை. பெரியவர்கள் நேரில் வந்து, முதலில் சாப்பிட வைத்து, பிறகுதான் சொல்வார்கள். புகுந்த வீட்டில் நானே அப்படிப் பரிமாறியிருக்கிறேன்.

சாப்பாடு முடியும்வரை சொல்லமாட்டார்கள். அதனால் சாப்பிட்டேன். இறைச்சி தீர்ந்ததும் தேநீர். கிண்ணம் காலியாகக் காலியாக நீட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். ஒரு கிழவர் பனியைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் முழங்கால் வலியைப் பற்றி. வயிறு முட்டிவிட்டது. ஊத்துக்கா, நிறுத்தாதே, இன்னும் ஊத்து —

மூத்தவரான தொலெகென் சொன்னார்: "எவ்வளவு வேணும்னாலும் குடி மகளே. எங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. நாங்க இருக்கோம்."

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். போதும் என்று கிண்ணத்தை நானே கையால் மூடினேன்.

ஜனவரி 18

சாலை திறந்துவிட்டது.

சூப் குடித்த அன்று இரவே போய்விட்டாராம். நேற்று அடக்கம்.

பேருந்து நிலையத்தில் அதே தள்ளுமுள்ளு. பாவுதினோவில் மனைவிக்குப் பிரசவவலி என்று ஒருவன் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தான். என் இடத்தைக் கொடுத்தேன்.

"நீங்கதானேக்கா முதல் ஆளா சீட்டு வாங்கினீங்க?" என்றார் டிரைவர்.

அடுத்த வண்டியில் வருகிறேன் என்றேன். ஏழாம் நாள் விருந்துக்குள் போனால் போதும்.