அகராதி விழுந்த சத்தம்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா இன்று பேசியது மொத்தம் ஐந்து முறை. ஐந்தும் "சரி சரி"தான். தண்ணீர் கேட்டது ஒரு சரி சரி. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னது ஒன்று. என்னை வெளியே போகச் சொன்னது இரண்டு. ஐந்தாவது எதற்கென்று கடைசிவரை பிடிபடவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். எதுவும் இல்லை. அவள் அழுதாள்.

பக்கவாதம் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. வலது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பும் என்கிறார் டாக்டர். பேச்சைப் பற்றிக் கேட்டால் "பாப்போம்" என்கிறார். குழந்தைகளுக்காக ஆறு நாவல் எழுதியவளிடம் மிச்சம் இருப்பது ஒரே சொல். அதையும் இரண்டு தடவை சொல்லித் தீர்க்கிறாள்.

ஜூன் 4, புதன்

பதிப்பாளர் போன் செய்தார். உடம்பை விசாரித்தார், சாப்பாட்டை விசாரித்தார், பிறகு தொண்டையைச் செருமினார். செருமல் வந்தால் விஷயத்துக்கு வருகிறார் என்று அர்த்தம்.

"ஏழாவது புத்தகம் எந்த அளவுல இருக்கு, சின்ன மேடம்?"

அக்கா மேடம், நான் சின்ன மேடம். ஐம்பத்தோரு வயதில் சின்ன.

அக்கா நோட்டில் எழுதுவாள், நான் கணினியில் தட்டுவேன், பிழை பார்ப்பேன். பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. மொத்தம் பதினான்கு அத்தியாயம் என்று அவள் சொல்லியிருந்தாள். பதினொன்று தட்டி முடித்தாயிற்று. கடைசி மூன்றும் அவள் தலைக்குள் இருக்கின்றன.

"குறிப்பு ஏதாவது எழுதி வச்சிருப்பாங்களே?"

அக்காவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. என்னிடமும் சொல்லமாட்டாள். "உன்கிட்ட சொன்னா நாளைக்கே ஊர் முழுக்கத் தெரியும்" என்பாள். ஜூலை பதினைந்துக்குள் வராவிட்டால் வேறு ஒருவரை வைத்து முடித்துக்கொள்வாராம் பதிப்பாளர். புலிக்குட்டிக் கதைகள் எழுதுகிறவராம். அத்தியாயத்துக்கு ஓர் அறிவுரை வைப்பாரே, அவரேதான்! அக்காவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அவர் கையில் அக்காவின் கதாநாயகன் அரைவால் போனால் இவளிடம் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

மேசை இழுப்பறை, அலமாரி, பழைய கைப்பைகள், மெத்தைக்கு அடி எல்லாம் தேடிவிட்டேன். முடிவு எங்கேயும் இல்லை. பிள்ளைகள் எழுதிய கடிதங்கள்தான் கட்டுக் கட்டாக இருக்கின்றன. முக்கால்வாசிக் கடிதத்தில் ஒரே கேள்வி. அரைவால் ஆமையை மன்னிப்பானா?

அரைவால் ஒரு கீரி. பருந்திடம் பாதி வாலைப் பறிகொடுத்தவன். ஆமை அவனோடு எல்லாப் புத்தகத்திலும் வரும். வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வரும், கால் வலிக்கிறது, வெயில் அடிக்கிறது, யார் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது என்று. அது யாரைப் பார்த்து எழுதியது என்று எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தாலே சிரிப்பார்கள். ஆறாவது புத்தகத்தின் கடைசியில் ஆமை கோபத்தில் வாய்விட்டுப் புலம்ப, அதை ஆந்தைகள் கேட்டு, வளைக்கு வழி தெரிந்துகொண்டு, எல்லாம் போயிற்று. "இனி உன் வழி வேறு, என் வழி வேறு" என்று அரைவால் சொல்வதோடு புத்தகம் முடிகிறது.

இரண்டாம் புத்தகத்தில் ஆமை ஆற்றை நீந்திக் கடந்தபோது, "அது தரை ஆமை, அதற்கு நீந்த வராது" என்று ஒரு பொடிசு எழுதிய கடிதமும் கிடைத்தது. பிழை பார்த்தவள் நான்தான். அக்கா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றாள்.

இப்போது திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜூன் 11, புதன்

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். கை நிறையப் படம் போட்ட அட்டைகள். "அக்காவுக்குப் பிடிச்ச மிருகத்தையே காட்டுவோம், ஆர்வம் வரும்" என்றாள். கீரி, மரங்கொத்தி, ஆந்தை. எதற்கும் அசையவில்லை. ஆமையைக் காட்டியதும் இடது கையால் அட்டையைத் தட்டிவிட்டாள். அது பறந்து போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

"பாத்தீங்களா, அடையாளம் தெரியுது!" என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். எனக்குத் தெரியும் அது என்ன என்று. குனிந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

அன்று ஞாயிறு. பதினோராம் அத்தியாயத்தில் ஆமை மறுபடி ஒரு முட்டாள்தனம் செய்வதாக எழுதியிருந்தாள். தட்டிக்கொண்டே இருந்தவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "உன் கீரி, உன் காடு, உன் பேரு. நான் யாரு? தட்டச்சு மெஷினா? இனிமே நீயே தட்டிக்கோ, நான் தனியா போறேன்" என்றேன். "போயேன்டி, யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா" என்றாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தொம்மென்று ஒரு சத்தம்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பெரிய அகராதியைத் தரையில் தள்ளுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வழக்கமாக நான் ஓடிப்போய் எடுத்து வைப்பேன், சண்டை முடிந்துவிடும். அன்றைக்கு, வேண்டும் என்றே எழுந்திருக்கவில்லை. தள்ளிக்கோ, உன் அகராதி, நீயே எடுத்துக்கோ என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம். முழுசா ஒரு மணி நேரம்.

வெளியே வந்தபோது அகராதி மேசைமேல் அப்படியே இருந்தது.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லவில்லை. "எப்ப விழுந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று பொய் சொன்னேன். நான் என்ன மனுஷி? ஏன் எழுந்து போகல? ரெண்டு அடி தூரம்தானே?

ஜூன் 17, செவ்வாய்

அக்கா பேசினாள்!

சும்மா இருக்கப் பிடிக்காமல் முதல் புத்தகத்தை எடுத்து அவளுக்கு வாசித்தேன். எல்லாப் புத்தகமும் ஒரே வரியில்தான் தொடங்கும். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் அக்கா அந்த வரியைப் பாதியில் நிறுத்துவாள், பிள்ளைகள் மீதியைக் கத்துவார்கள். நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை, இருமல் வந்துவிட்டது. "காட்டிலேயே குட்டையான வால் யாருக்கு என்று கேட்டால் மரங்கொத்திகூடச் சொல்லும்..." என்று இருமினேன்.

"அரைவாலுக்கு" என்றாள்.

சுத்தமாக, தெளிவாக, அவளுடைய பழைய குரலில். பிறகு அவளே மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சரி சரி" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

மனப்பாடமாக இருப்பது சில பேருக்கு இப்படித்தான் வருமாம், பாட்டு மாதிரி. பயிற்சிக்காரப் பெண் விளக்கினாள். எனக்கு உடனே பேராசை. இப்படியே முடிவையும் வாங்கிவிட்டால்?

மூன்று நாளாகச் சோதிக்கிறேன். அச்சான ஆறு புத்தகத்திலிருந்து பிரபலமான வரிகளைத் தொடங்கினால் நாலில் ஒன்றை முடிக்கிறாள். ஏழாவதில் தட்டி வைத்ததைச் சொன்னால் விழிக்கிறாள். "அரைவால் ஆமையிடம் கடைசியாகச் சொன்னது..." என்று இன்று நாற்பது முறையாவது தொடங்கியிருப்பேன். நாற்பதாவது முறை என் குரல் உயர்ந்துவிட்டது. "சொல்லித் தொலையேன்க்கா!" என்றேன். அவள் முகம் சிறுத்துப்போய்விட்டது.

பழசு வருகிறது. புதுசு வராது. முடிவு உள்ளேயே இருக்கிறது, எனக்கு எட்டவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

ஜூலை 2, புதன்

பதிப்பாளரிடம் பொய் சொல்லிவிட்டேன். "குறிப்பு கிடைச்சிருச்சு, தட்டிட்டு இருக்கேன்" என்று. இனி நான்தான் எழுதியாக வேண்டும். எனக்கு வருவது ஒற்றுப்பிழை பார்ப்பது. கதை எழுதுவதாம் கதை!

ஜூலை 8, செவ்வாய்

பன்னிரண்டாவது முடிந்தது. கீரி பேசுவது கீரி மாதிரி இல்லை, பதிப்பாளர் மாதிரி இருக்கிறது. ஆமை மட்டும் நன்றாகப் பேசுகிறது.

ஜூலை 14, திங்கள்

அனுப்பிவிட்டேன்.

ஆந்தைகள் சுற்றி வளைக்கின்றன. ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. அக்கரையில் புதுக் காடு. ஆமை, தான் போட்ட சண்டைக்கும் சொன்ன சொல்லுக்கும் மன்னிப்புக் கேட்கிறது. அந்தப் பத்தியை எழுதும்போது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்கு நீந்த வராது, அதனால் இக்கரையில் நின்று ஆந்தைகளைத் தடுக்கிறது. கடைசி வரி இப்படி: "அரைவால் ஆற்றைக் கடந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை."

பிள்ளைகள் என்னைச் சபிப்பார்கள். ஆனால் வேறு எப்படி எழுதுவது? அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எந்தக் கீரி திரும்பிப் பார்க்கும்?

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

பிழை பார்க்க மெய்ப்புத் தாள்கள் வந்தன. நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, தாள்கள் மின்விசிறிக்குப் பறக்காமல் அகராதியை மேலே தூக்கி வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தை இன்றும் வாசித்தேன். ஒரு வாரமாகத் தினமும் வாசிக்கிறேன், பழகிப்போனால் அவளே ஒரு வரியாவது முடிப்பாளோ என்று. "அரைவால் ஆற்றைக் கடந்தான். அவன்..." என்று நிறுத்தினேன்.

அவள் உதடு கோணியது. நெற்றி வேர்த்தது. "திரும்பி..." என்றாள். வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் எழுதிய வரி! வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"பார்த்தான்."

"இல்லக்கா. பார்க்கவில்லை."

"பார்த்தான்."

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. பத்து வாரத்தில் முதல்முறையாக என் வரி ஒன்றைத் தொடுகிறாள், அதிலும் தப்பு! "அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அச்சுக்குப் போற நேரத்துல மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டுக் காபி போடச் சமையலறைக்குப் போனேன்.

தொம்.

பால் பாத்திரத்தை எங்கே போட்டேன் என்று தெரியாது. ரெண்டு அடி தூரம். கடவுளே கடவுளே கடவுளே என்று ஓடினேன்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கை மேசைமேல் இருந்தது. அகராதி தரையில் குப்புறக் கிடந்தது. தாள்கள் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. கண்ணை உருட்டி என்னை முறைத்தாள், ஒற்றுப்பிழை விட்டால் முறைப்பாளே, அதே முறைப்பு.

"பார்த்தான்" என்றாள். அப்புறம் என்னை நோக்கி விரலை நீட்டி, இன்னும் கஷ்டப்பட்டு, "ஆமையை."

அப்போதுதான் உறைத்தது. இந்த வரி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் எழுதியதும் இல்லை. இது புதுசு.

தரையில் உட்கார்ந்து அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எல்லாம் சொன்னேன். சத்தம் கேட்டது, கேட்டும் வரவில்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் "சரி சரி" என்றாள். இந்த முறை எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஜூலை 23, புதன்

பதிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். "ஒரு வரிக்காகவா சின்ன மேடம் மெஷினை நிறுத்தச் சொல்றீங்க?" என்றார். ஆமாம் என்றேன். கடைசி மூன்று அத்தியாயம் நான் எழுதியது என்றும், கடைசி வரி மட்டும் அக்கா சொன்னது என்றும் சொல்லிவிட்டேன். தொண்டையைச் செருமினார். "அப்ப ரெண்டு பேர் பேரும் போடணுமே" என்றார்.

ஜூலை 28, திங்கள்

பயிற்சிக்காரப் பெண் வந்தாள். அக்கா இன்று புதிதாக இரண்டு சொல். ஒன்று "ஜன்னல்". இன்னொன்று அந்தப் பெண்ணுக்குப் புரியாத ஒரு வசவு, எனக்கு நன்றாகப் புரிந்தது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அகராதி விழுந்தது. காபி ஆறிப்போய்விட்டதாம், அதற்குத்தான். அதற்குத்தான் இருக்கும் என்று தெரிந்தும் ஓடினேன்.