சார் கண்ட வெளிச்சம்

ஜூலை 9, செவ்வாய்

தென்மேற்கிலிருந்து ஓயாத கச்சான் காற்று. ஜன்னலை மூடியும் மேசையெல்லாம் துறைமுகத்து நிலக்கரித் தூள். காலையிலிருந்து சாரின் கணினிக் கோப்புகள்தான். என் பேராசிரியர் அவர்; இறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை இனி நான் மட்டும் முடிக்க வேண்டும்.

பல லட்சம் நட்சத்திரங்களைப் பார்த்ததில் சிக்கிய ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தான் எல்லாம். ஒருமுறை மெல்லக் கூடி, அதே மாதிரி மெல்லக் குறைந்த வெளிச்சம். குறுக்கே கருந்துளை கடந்தால் அதன் ஈர்ப்பு லென்ஸ் போல வெளிச்சத்தைக் குவிக்கும், அப்படித்தான் ஆகும். நட்சத்திரம் செத்து உண்டான கருந்துளை அல்ல, ஆதிக் கருந்துளை என்று சார் நம்பினார். பிரபஞ்சத்தின் முதல் நொடியில், அடர்த்தி மிகுந்த இடம் தன் மேலேயே இடிந்து விழுந்து உண்டானது. அந்த நொடியிலிருந்து எந்த வெளிச்சமும் நமக்கு வந்து சேராது. "அங்கன நடந்ததுக்கு இதுதாம்மா சாட்சி" என்பார்.

ஜூலை 10, புதன்

பழைய பதிவுகளில் தேடினேன். ஏழு வருஷம் முன்பும் அதே நட்சத்திரம் ஒளிர்ந்திருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன். கருந்துளை கடந்தால் கடந்ததுதான், திரும்ப வராது. இது தானாகவே கூடிக் குறையும் நட்சத்திரம்.

கணினியை அணைத்தேன்.

மாலை சாரின் மனைவி பிலோமி அக்கா போன். "ஏளா செல்வி, முப்பதாம் நாள் பூசைக்கு கார்டு அடிக்கக் குடுக்கேன். 'ஆதிக் கருந்துளையைக் கண்டவர்'னு போடச் சொல்லட்டா?"

நாளை நேரில் வருகிறேன் என்றேன். கோழை.

ஜூலை 11, வியாழன்

மணப்பாடு பஸ். நின்றுகொண்டே பயணம். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். போனதும் சொல்லிவிட்டேன்.

"அப்போ அவரு பாத்தது பொய்யா?"

"வெளிச்சம் நெசம் அக்கா. காரணந்தான் வேற."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா மொதல்ல அவரே சொல்லியிருப்பாரு." அழுதார். நானும்.

பிறகு விளக்கினேன். இத்தனை லட்சம் நட்சத்திரம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் சேதிதான். நாங்கள் தேடிய எடையில் ஆதிக் கருந்துளைகள் மிகக் குறைவு. முதல் நொடியில் அடர்த்தியில் நாங்கள் நினைத்த அளவு மேடுபள்ளம் இல்லை.

"அப்போ அதை எழுது. அவரு பேரையும் போடு."

அச்சகத்துக்கு அவரே போன் செய்தார். "அண்ணாச்சி, அந்த வரி வேண்டாம். பேராசிரியர்னு மட்டும் போடுங்க."

ஜூலை 12, வெள்ளி

தலைப்பை மாற்றினேன். முதல் பெயர் சாருடையது. 'கண்டோம்' இருந்த இடமெல்லாம் 'காணவில்லை'. மதியம் ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டு அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

"அந்த நட்சத்திரத்துக்குப் பேரு உண்டா?"

நம்பர் மட்டும்தான் என்றேன்.

"சொல்லு, எழுதிக்கிடுதேன்."

நீளமான நம்பர். மெல்லச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். ஒன்று தப்பு. மறுபடி முதலிலிருந்து.