நீ கேட்ட சம்பளம்

அக்கா,

இன்று காலை ஆஸ்பத்திரிக் கொல்லையில் அண்டா நிறையக் கட்டுத்துணி வெந்துகொண்டிருந்தது. சோடா உப்பும் சீழும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். நீ இறந்துபோன செய்தி வந்து பத்து நாளாகிறது. அழுகை இன்றுதான் வந்தது.

நர்ஸ் வேலை பழக நாம் சித்தூரில் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க அண்டாப் பக்கத்தில்தானே கழிந்தது? நீ வரதய்யபாளையத்திலிருந்து வந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் உள்ளூர் சர்ச் தெருக்காரி. நாடி பிடிக்கப் போகிறோம் என்று நினைத்து வந்தோம். கையில் கொடுத்தது துடுப்பு. "துணி வேக வெக்கத்தான் இங்கிலீசு படிச்சமா?" என்று சிரிப்பாய். ஆனாலும் மத்தியானம் மற்றவர்கள் படுத்திருக்க, நீ பெண்கள் வார்டுக்குப் போய், பெரிய நர்ஸ் கட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்து, என் முழங்காலில் சுற்றிக் காட்டுவாய். நான் பரீட்சையில் தேறியது அப்படித்தான்.

மூன்று வருஷம் முடித்தால் மாதம் இருபது ரூபாய் என்று சேரும்போது சொல்லியிருந்தார்கள். தேறிய ஆறு பேரையும் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனம்மா தன் அறைக்கு அழைத்து, பன்னிரண்டுதான் தர முடியும் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியார் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கே கூச்சம், காகிதத்தைப் பார்த்தபடியே பேனாவை நீட்டினார்.

நீ வாங்கவில்லை.

"அம்மா, இருபதுன்னு சொல்லித்தான் எங்க வூட்ல அனுப்புனாங்க. பன்னெண்டுன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும். நாங்க கத்துக்கினதுல எதுனா கொறஞ்சிருக்குதா?"

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாய். நாங்களும் பேசுவோம் என்று நம்பியிருப்பாய். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் நைனாவுக்கு, அப்பாவுக்கு, கண் மங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தம்பிகள் மூன்று பேர். முதலில் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

உனக்கு வேலை இல்லை என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள். நீ டிரங்குப் பெட்டியோடு கிளம்பியபோது, வார்டில் வேலை இருப்பதுபோல் உள்ளேயே இருந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து, நீ கேட்டதை மேட்ரனம்மாவே கமிட்டியில் எடுத்துப் பேசி, எங்களுக்கு இருபது வாங்கிக் கொடுத்தார்.

அதைச் சொல்ல உன்னைத் தேடித் திருச்சானூர் வந்தேன். சின்ன டிஸ்பென்சரி ஒன்றில், பத்து ரூபாய் சம்பளத்தில், மலைக் கோயிலுக்கு நடந்து கொப்பளித்துப்போன ஒரு தெலுங்குக்காரியின் பாதத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பாதத்தை விடவில்லை.

"உங்க நைனா கண்ண டாக்டராண்ட காட்டினியா?" என்று கேட்டாய்.

"அக்கா, நான் உன்ன வுட்டுட்டுக் கையெழுத்துப் போட்டேனே."

"நீயும் பேசியிருந்தா ரெண்டு பேரும் வெளிய நின்னுக்கினு இருந்திருப்போம். உங்க வூட்டுக்கு யாரு சோறு போடறது? அத்த வுடு. இந்தக் கட்ட நீ போடு, பாக்கலாம்."

போட்டேன். சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி போடச் சொன்னாய்.

இப்போது புதிதாக வரும் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. முதல் வருஷம் என்ன வேலை, தேறினால் என்ன சம்பளம் என்பதை முதல் நாளே எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். போன வருஷம் கமிட்டியார் அந்தத் தொகையைக் குறைக்கப் பார்த்தார்கள். நான் எழுந்து, "எழுதிக் குடுத்தது நான். கொறைக்கறதா இருந்தா என் சம்பளத்துலருந்து ஆரம்பிங்க" என்றேன். குறைக்கவில்லை.

பேனாவை வாங்க மறுத்த அன்று உனக்குப் பயமே இல்லையா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "காலு ரெண்டும் ஆடிச்சுமே. பொடவைக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியல" என்றாய்.

கமிட்டியார் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன், அக்கா.