எடுக்கலை, ஆனா ஒத்துக்கறேன்

ஜூன் 11

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. என் மகள் புட்டி இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வயதாகியும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டு. கிரிமினல் வழக்கு எப்படி நடக்கிறதென்று கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று முதல் நாள். புத்தகத்தில் எல்லாம் வரிசையாக இருக்கிறது: குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு, சாட்சி, வாதம், தீர்ப்பு. இங்கே காலையிலிருந்து நான் கேட்டதெல்லாம் "அடுத்த வாய்தா" மட்டுமே.

கூண்டில் ஒருத்தி. இடுப்பில் ஒரு வயதுப் பையன். பெயர் ஹுலிகெவ்வா. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக்குச் சோள ரொட்டி தட்டப் போனவள். அந்த வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போக, இவளைப் பிடித்தார்கள். சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. நான்கு மாதமாக ஜெயில். பையனும் கூடவே.

ஜாமீன் எப்போதோ கொடுத்தாயிற்றாம். நிலம் உள்ளவர் ஒருவர் பஹணியோடு, அதாவது நிலம் தன்னுடையது என்று காட்டும் காகிதத்தோடு, வந்து பிணைக் கையெழுத்துப் போட்டால் வெளியே வரலாம். இவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் களை எடுப்பவர்கள்.

ஜாமீன் கொடுத்தார்கள், ஆனால் விடவில்லை. இதற்கு என்ன பெயர்? எந்தப் பாடத்தில் வருகிறது?

பையன் நீதிபதி அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினான். அவர் கோப்பில் குனிந்திருந்தார்.

ஜூன் 14

புட்டிக்கு உடம்பு சூடு. கோர்ட்டுக்குப் போகவில்லை. நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவளுக்கே கோபம் வந்து என் கையைத் தள்ளிவிட்டாள்.

ஜூன் 19

வராந்தாவில் ஹுலிகெவ்வாவோடு பேசினேன். கூட வந்த பெண் போலீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல மனசு.

"அங்க இவனுக்குப் பால் குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க அக்கா. தண்ணியில கொஞ்சம் வெள்ளை தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "பூட்டு சத்தம் கேட்டா இவன் கை தட்டறான். யாரோ விளையாட வராங்கன்னு நெனப்பு" என்றாள்.

அவளுக்குச் சட்ட உதவியில் கொடுத்திருக்கும் வக்கீல் தேசூர் சொல்லியிருக்கிறாராம்: வர்ற வாய்தாவில் குற்றச்சாட்டைப் படிப்பாங்க, ஒத்துக்கோ, உள்ள இருந்த நாளையே தண்டனையா எடுத்துக்கிட்டு அன்னைக்கே விட்டுடுவாங்க.

கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். "எடுத்தியா நீ?"

"எடுத்திருந்தா இங்க எதுக்கு நிக்கறேன்? வித்துட்டு நல்ல வக்கீலா வெச்சிருப்பேனே."

ஒப்புக்கொள்ளாதே என்று வாய்வரை வந்தது. பையன் என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாட்சி விசாரணை. அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை இவன் கம்பிக்குள்ளேயே நடக்கப் பழகுவான்.

சொல்லவில்லை.

ஜூன் 24

கேட்டதைக் கேட்டபடியே எழுதிவிடுகிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

ஹுலிகெவ்வாவைக் கூப்பிட்டார்கள். பெஞ்ச் கிளார்க் குற்றச்சாட்டை மூச்சு விடாமல் படித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே பாதி புரியவில்லை. நீதிபதி அம்மா கேட்டார்: "என்னம்மா, ஒத்துக்கறியா?"

அவள் பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "நா எடுக்கலைங்க தாயி. ஆனா ஒத்துக்கறேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். தேசூர் சட்டென்று எழுந்து, "ஒத்துக்கறாங்க மேடம்" என்றார். நீதிபதி ஒரு கணம் தலை தூக்கினார். சத்தியமாகத் தூக்கினார், நான் பார்த்தேன். மேஜைமேல் அன்றைய கோப்புகள் கழுத்தளவு. தலை மறுபடி குனிந்தது. கிளார்க் தட்டச்சு செய்துகொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "குற்றத்தைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்."

தானாக முன்வந்து. எங்கே முன்வந்தா? அவ வாய்ல முதல்ல வந்தது என்ன, எடுக்கலைன்னுதானே? அத்தனை பேரு காதுலயும் விழுந்துச்சே. அதை யாரு அழிச்சா? அழிக்கக்கூட வேண்டாம், எழுதலை, அவ்வளவுதான்.

ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் ஒருத்தி திருடியாகிவிட்டாள்.

அவளோ சந்தோஷமாக இருந்தாள். போகும்போது என்னிடம், "இன்னைக்கு ராத்திரி இவன் வானம் பாப்பான்" என்றாள்.

ஜூன் 25

புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 2

ஹுலிகெவ்வா வீட்டுக்கு வந்தாள். ரொட்டி தட்டும் வேலை கேட்டு. அவள் போய்க்கொண்டிருந்த நான்கு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்களாம். தெருக் குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எண்ணுகிறார்களாம்.

என் மாமியார் கெட்டவரல்ல. அவள் கையில் இரண்டு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கொடுத்தார். பையனுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தார். வேலைக்கு மட்டும் வேண்டாம் என்றார்.

"அவ எடுக்கலை அத்தை. நான் கேட்டேன், கோர்ட்லயே சொன்னா."

"கஸ்தூரி, அவளே ஒத்துக்கிட்டா. நீதிபதி எழுதியாச்சு. நீ இன்னும் பரீட்சையே எழுதலை, நீ யாரு இல்லைன்னு சொல்ல?"

என் கணவர் சிவானந்த் பேப்பரை மடித்துவிட்டு, "அம்மா கேக்கறது நியாயம்தானே" என்றார். நியாயமாம். இரவு அவருக்கு நான் பரிமாறவில்லை. அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார், பாத்திரத்தையும் கழுவி வைத்தார். அதிலும் எனக்குக் கோபம்.

போகும்முன் வாசலில் ஹுலிகெவ்வா சொன்னது: "வேலை கிடைக்காட்டி போகுது அக்கா. என் பேரை மட்டும் திருப்பி வாங்கிக் குடுங்க. இவனைத் திருடி மகன்னு கூப்பிடறாங்க. இவனும் அதுக்குத் திரும்பிப் பாக்கறான்."

ஜூலை 4

படித்தேன். ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீடு கிடையாது. தண்டனை சரிதானா என்று மட்டும் கேட்கலாம். ஆனால் அந்த ஒப்புதலே ஒப்புதலாக இல்லையென்றால் மேல் கோர்ட் கேட்கும். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும்.

சட்ட உதவி மையத்தில் நஸ்ரின் என்று ஒரு இளம் வக்கீல். கேட்டவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவ சொன்னதைக் கேட்டவங்க யாராவது பிரமாணப் பத்திரம் குடுக்கணும். வக்கீல்கள் குடுக்க மாட்டாங்க. நாளைக்கு அதே கோர்ட்ல நிக்கணுமே. நீங்க குடுப்பீங்களா?"

கொடுப்பேன் என்றேன்.

படியிறங்கும்போது தேசூர் எதிரே வந்தார். அதற்குள் செய்தி போயிருக்கிறது.

"என்ன மேடம், இன்னும் கறுப்புக் கோட்டே தைக்கலை, அதுக்குள்ள என்மேல வழக்கா?"

"உங்கமேல இல்ல சார். நீங்க சொன்ன வார்த்தைமேல."

"நான் அவளை வெளிய கொண்டுவந்தேன். ஒரு பைசா வாங்காம. புள்ளை வெளிய வந்தான். நீ உண்மையைக் கொண்டுவரப் போறே, சரி. கூட வேற என்ன வரும்னு யோசிச்சியா?"

அவரைத் தாண்டிப் படியிறங்கினேன். திமிர் பிடித்த மனிதர்.

ஜூலை 9

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஹுலிகெவ்வா விரல் ரேகை வைத்தாள். மையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "மறுபடி உள்ள போக வேண்டியிருக்காதுல்ல அக்கா?"

"சேச்சே, இல்லை" என்றேன்.

நஸ்ரின் அப்போது ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள்.

ஜூலை 30

பேராசிரியர் கூப்பிட்டு, "பாக்கப் போனவ பாத்துட்டு வரணும்" என்றார். பார்த்ததைத்தானே சொன்னேன்.

செப்டம்பர் 18

ஜெயித்துவிட்டோம். செஷன்ஸ் நீதிபதி படித்துக் காட்டினார்: எடுக்கவில்லை என்று சொன்னவரின் வார்த்தையை ஒப்புதலாகப் பதிந்தது தவறு, தண்டனை ரத்து. நான் நஸ்ரினின் கையை அப்படி இறுக்கினேன், அவள் மோதிரம் என் விரலில் பதிந்துவிட்டது.

அப்புறம் அடுத்த வாக்கியம் வந்தது. வழக்கு பழைய கோர்ட்டுக்கே திரும்பப் போகிறது. முதலிலிருந்து விசாரணை. இருபத்தேழாம் தேதி ஹுலிகெவ்வா அங்கே ஆஜராகி ஜாமீன் கொடுக்க வேண்டும். பழையபடி நிலமுள்ள பிணைக்காரர். இல்லையென்றால் —

நஸ்ரினைப் பார்த்தேன். "இப்படி ஆகலாம்னு அவங்ககிட்ட சொன்னீங்கதானே?" என்று அவள் என்னைக் கேட்டாள். நான் அதைச் சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் சொல்வாள் என்று நான்.

வெளியே ஹுலிகெவ்வா பையனை நடத்திக்கொண்டிருந்தாள். இப்போது நன்றாக நடக்கிறான். சொன்னேன். அவள் கத்தவில்லை. "அப்ப இப்ப நான் திருடி இல்ல. ஆனா உள்ள போகணும். அப்படித்தானே அக்கா?" என்றாள்.

தேசூருக்கு இது தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 19

எங்களுடையது வாடகை வீடு. நிலம் இல்லை. சிவானந்த் இன்று ஆபீஸில் நான்கு பேரிடம் கேட்டிருக்கிறார், நான் சொல்லாமலே. திருட்டுக் கேஸ் என்றதும் நான்கு பேரும் நழுவிவிட்டார்கள். அத்தை சாயங்காலம் புட்டியின் பழைய ஸ்வெட்டரை எடுத்து வைத்தார். "அங்க தரை குளுருமில்ல" என்றார்.

செப்டம்பர் 20

ஊருக்கு, அண்ணனுக்கு எழுதினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மல்லண்ணாவுக்கு கஸ்தூரியின் நமஸ்காரம். ஃபோனில் கேட்டால் நீ உடனே முடியாது என்பாய், நான் உடனே சண்டை போடுவேன். அதனால்தான் கடிதம். ஹுலிகெவ்வா என்று ஒருத்தி. உனக்கு அவளைத் தெரியாது. அவள் சங்கிலியை எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அதற்காக உன்னைக் கேட்கவில்லை. பொய்யோ கிய்யோ சொல்லி அவள் வெளியே வந்திருந்தாள், அந்தப் பொய்யை நான்தான் பிடுங்கினேன். இருபத்தேழாம் தேதி பிணைக்கு ஆள் இல்லாவிட்டால் அவளும் அவள் பையனும் திரும்ப உள்ளே போவார்கள். போன தடவை போலீஸ் கொண்டுபோனது. இந்தத் தடவை நான். நம் கிணற்று வயலின் பஹணியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுவாயா? அவள் வாய்தாவுக்கு வராமல் போனால் உனக்குக் கஷ்டம் வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நானே கூட்டிக்கொண்டு போவேன். வருவாயா மாட்டாயா, எதுவானாலும் சீக்கிரம் பதில் போடு அண்ணா.