நாத்தனார் முடிச்சு

25.8.08, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். மலை ஒன்றும் தெரியவில்லை. துணி காயவில்லை, கொடி முழுக்க ஈர நைட்டி. கரண்ட் 8க்குப் போய் 10க்கு வந்தது.

வாங்க வேண்டியது: புளி, சீயக்காய், தேங்காய் எண்ணெய், வள்ளிக்குச் செருப்பு. (அவளுக்கு வலது மட்டும்தான் தேய்கிறது. கடைக்காரர் ஒற்றைச் செருப்பு தரமாட்டாராம்.)

வாசல் போர்டில் ‘மனவளர்ச்சி குன்றிய மகளிர் இல்லம்’. உள்ளே இருக்கும் ஆறு பெண்களும், சொல்லிக்கொடுக்கிற ஜமீலாவும், சமைத்துப் பார்த்துக்கொள்கிற நானும் இதை வீடு என்றுதான் சொல்கிறோம். புதுத் தபால்காரர் இன்று “இது ஆஸ்பத்திரியா, ஆஸ்டலா?” என்று கேட்டார். செல்லத்தாயி அவருக்குத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை முறைத்துக்கொண்டே நின்றாள்.

11 மணிக்கு அவள் தம்பி ராசு வந்தான். குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். அம்மா போனபின் அக்காவை இங்கே கொண்டுவந்து விட்டு ஆறு வருடம். மாதம் தவறியதில்லை. இன்று கையில் பத்திரிகை. கம்பத்தில் கல்யாணம், செப். 11. பொண்ணு பேர் அமுதா.

“அக்காதான் நாத்தனார் முடிச்சுப் போடணும். எனக்கு வேற யாரு இருக்காக?”

மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால் மீதி இரண்டும் உடன்பிறந்தவள் போட வேண்டியது. செல்லத்தாயிக்கு முப்பத்தொரு வயது. ஜாக்கெட் கொக்கி மாட்டப் பழக ஒன்றரை வருடம் ஆனது. “பதினேழு நாள் இருக்குல்ல, பழக்கிருவோம்” என்று நான் சொல்லிவிட்டேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

27.8.08, புதன்

ஜமீலா படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாள். எதையும் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் இங்கே சொல்லிக்கொடுப்பது. பல் விளக்கப் பதினொரு படி. தலை பின்னப் பதினாலு. நாத்தனார் முடிச்சுக்கு ஆறு போதும் என்கிறாள். படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முடிச்சுப் போட ஒரு கழுத்து வேண்டுமே. வள்ளி கூச்சம் தாங்காமல் ஓடிப்போனாள். ஜமீலா எதிரில் நின்று படி பார்க்க வேண்டும். ஆக என் கழுத்து. மஞ்சள் கயிறு.

அவர் போய் ஒன்பது வருடம்.

இன்று 12 தடவை. முடிச்சு ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு ஒரு முத்தம் மட்டும் கொடுக்கிறாள். அது எந்தப் படியிலும் இல்லை.

31.8.08, ஞாயிறு

விழுந்துவிட்டது. மாலை 4.20, பத்தொன்பதாவது தடவை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு முடிச்சு. ஜமீலா தரையில் உட்கார்ந்து அழுதாள். வள்ளி எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள். ராத்திரி எல்லோருக்கும் கேசரி. செல்லத்தாயிக்கு இரண்டு கரண்டி.

கல்லுப் போல இருந்தது முடிச்சு.

4.9.08, வியாழன்

இரண்டு முடிச்சும் வருகிறது. பத்துக்கு எட்டு. நோட்டில் எழுதியாயிற்று.

ஆஸ்பத்திரி: செல்லத்தாயிக்குத் தைராய்டு மாத்திரை அதே அளவு. டாக்டரம்மா கையையும் பிடித்து அவருடைய வளையலில் தன் தலை ரிப்பனைக் கட்டிவிட்டு வந்தாள். கெட்டிக்காரி என்றார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை.

7.9.08, ஞாயிறு

மோசமான நாள்.

ராசு ஒத்திகை பார்க்க வந்தான், கூடவே அவன் சித்தி. சித்திக்கு மனமில்லை என்பது செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. உட்கார்ந்ததும் சொன்னார்: “எம் மக இருக்கா. அவளும் தங்கச்சி முறைதான். இந்தப் பிள்ளை பக்கத்துல வெளக்கப் பிடிச்சு நிக்கட்டும்.”

செல்லத்தாயி வந்தாள். என் பின்னால் நின்றாள். ஒன்று, இரண்டு. அவ்வளவு அழகான முடிச்சை நானே போட்டதில்லை. ராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நொடி இரண்டையும் அவிழ்த்துவிட்டாள். கயிற்றைச் சுருட்டி டப்பாவில் வைத்து மூடினாள்.

“ஆத்தாடி, தாலிய அவுக்குறாளே” என்றார் சித்தி. நெஞ்சில் கை வைத்துவிட்டார், பாவம்.

தப்பு எங்களுடையது. அடுத்த தடவைக்குக் கயிறு வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அவளையே அவிழ்க்க வைத்தோம். அதுவே ஏழாவது படியாகிவிட்டது. ஜமீலாவுக்கு முகம் செத்துப்போனது. முகூர்த்த நேரத்தில், அத்தனை பேர் முன்னால் அவிழ்த்தால்? அவளை அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். ராசுவே நினைத்தாலும் முடியாது.

சித்தி போகும்போது என்னிடம்: “நாலு பேரு முன்னால நாங்க நிக்கணும்ல. கோவிச்சுக்காதீக.” கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

8.9.08, திங்கள்

ஜமீலாவின் யோசனை: கயிற்றைக் கழற்றாமல் நாள் முழுக்கக் கழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பழகிவிடுவாள். சரி என்றேன். முந்தானையால் மூடிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரி கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

“என்னக்கா, சொல்லவே இல்ல?”

“ஒத்திகை.”

“யாரோட?”

கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் செல்லத்தாயி விடவே இல்லை. அரிசி களையும்போது முடிச்சை அவிழ்க்கப் பின்னால் வந்து நிற்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது நிற்கிறாள். வேண்டாம் என்றால் உதடு பிதுங்குகிறது. ஒரு தடவை என் பின்கழுத்தில் ஊதினாள். இன்னொரு தடவை பவுடர் அப்பிவிட்டாள். விளையாடுகிறாள் என்று அதட்டினேன். அழுதுவிட்டாள். நானும் சாப்பிடவில்லை.

நோட்டில் ஜமீலா எழுதியது: ‘அவிழ்க்கக் கூடாது என்பது புரியவில்லை.’ கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

9.9.08, செவ்வாய்

வெயில் வந்தது. ஆறு பேர் துணியும் காய்ந்தது.

ராசு போன். “என்னக்கா, சரியாயிருச்சா?” பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உறுதி சொல்ல முடியாது தம்பி, சித்தி சொல்கிறபடியே செய்துகொள்ளுங்கள் என்றேன். ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினான்.

“அக்காதான் கட்டணும். அது அவுத்தா நான் திரும்பக் கட்டுறேன். அமுதாகிட்டயும் சொல்லிட்டேன், அது சிரிக்குது.”

இப்படி ஒரு தம்பி. அவன் நன்றாக இருக்க வேண்டும்.

11.9.08, வியாழன்

கா. 5.40 பஸ்ஸில் கம்பம். ஜமீலா மற்ற ஐந்து பேருடன் வீட்டில். செல்லத்தாயிக்கு அரக்குப் பட்டு, இரண்டு முழம் மல்லிகை.

அவளோடு மேடைக்கு வரச்சொன்னான் ராசு. மாட்டேன் என்றேன். நான் ஏறினால் அதற்கு வேறு ஒரு பேச்சு வரும். தூண் பக்கம் நின்றுகொண்டேன். ஆறு வருடத்தில் எந்தப் புது இடத்திலும் அவள் பக்கத்தில் நான் இல்லாமல் இருந்ததில்லை.

கெட்டிமேளம். ராசு ஒரு முடிச்சுப் போட்டு விலகினான். செல்லத்தாயி நாக்கை நீட்டிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. நன்றாக இறுக்கினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. விரல் கயிற்றிலேயே இருந்தது. சித்தி ஓர் எட்டு முன்னால் வந்தார். யார் யாரோ அரிசி போடுகிறார்கள். செல்லத்தாயி குனிந்து பொண்ணின் காதில் ஏதோ கேட்டாள். பொண்ணு ஏதோ சொன்னாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். பட்டில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். முடிந்தது.

பந்தியில் அமுதாவே என்னைத் தேடி வந்தாள், மாலையோடு.

“மதினி என்ன கேட்டாக தெரியுமாக்கா? ‘அரிக்குதா’ன்னு கேட்டாக. இல்ல மதினி, நல்லாருக்குன்னேன். ‘அப்ப இருக்கட்டும்’னாக.”

இலையை மூடிவிட்டேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் “அரிக்குது, அவுத்துரு ஆத்தா” என்று சொன்னது நான். கயிறு அரிக்கவே இல்லை. அது என் கழுத்தில் இருப்பது எனக்குத் தாங்கவில்லை, அதற்குச் சொன்ன சாக்கு. எனக்கு நோகிறதென்று அவள் அவிழ்த்திருக்கிறாள். ஊதிவிட்டிருக்கிறாள். அவளுக்குப் புரியவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம்.

தனியாகத்தான் பஸ் ஏறினேன். ஞாயிறு வரை மதினி இங்கனதான் இருக்கணும் என்று அமுதா விடவில்லை. செல்லத்தாயி எனக்கு டாட்டாகூட ஒழுங்காகக் காட்டவில்லை, கையில் ஜிலேபி. மாத்திரை இரண்டு நாளுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மீதியை நாளை கம்பம் போகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.