பொசுங்கிய முடி

மே மாதம், ஞாயிறு இரவு

பிளவக்கல் பக்கம் ஒரு தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு நாள் இருந்துவிட்டு, இப்போதுதான் ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரரின் அண்ணன் புதிதாக வாங்கிய கேஸ் அடுப்பில்தான் எல்லோருக்கும் கோழி சுடுவதென்று ஏற்பாடு. மதியம் அதைப் பற்றவைக்கும் முன்பே எனக்கு கேஸ் வாடை அடித்தது. சோப்பு நுரையை ட்யூபில் தடவினேன். குமிழி குமிழியாக வந்தது.

"அத்தான், லீக் ஆகுது. பத்த வைக்காதீக."

"நீ மசாலாவைத் தடவும்மா. மெஷினை நான் பாத்துக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டே லைட்டரைத் தட்டினார். ட்யூபில் தீ ஓடியது. தட்டோடு நின்ற என் மகளின் முன்முடி பொசுங்கியது. அவளை இழுத்துத் தள்ளிவிட்டு, ஈரச் சாக்கைப் போட்டு வால்வை மூடினேன். அதற்குள் அவர் மாமரத்தடிக்கு ஓடிவிட்டார்.

"ஒண்ணும் ஆகலைல்லா?" என்று அங்கிருந்தே கேட்டார். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வரும்போது காரில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவிய பெரியவிய. அம்புட்டுப் பேரு முன்னாடி அப்பிடிப் பேசலாமா? ஃபோன் போட்டு மன்னிப்பு கேளு." பிள்ளையின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கேட்கப்போவதில்லை. கிளம்பும்போது அந்த ட்யூபைக் கத்தரியால் மூன்று துண்டாக்கி, அடுப்புப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுக்குப் போய் அத்தான் இந்நேரம் திறந்து பார்த்திருப்பார். இவருடைய ஃபோன் விடாமல் அடிக்கிறது. அடிக்கட்டும்.