அம்மா கடையில் வளர்க்கும் பெண்

செப்டம்பர் 3, புதன்

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அங்கே விளக்கைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாள்.

இன்று விளையாட்டுப் பீரியட். குதிரைவால் புது ஷூ போட்டு வந்தாள். (குதிரைவால் என்பது நான் வைத்த பெயர். அவளுக்குத் தெரியாது.) வெள்ளை ஷூ, குதிகாலில் நீலப் பட்டை. மைதானத்தில் எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் வந்து, "உங்கிட்டயும் இதே ஷூதானாமே? ஏன் போட்டுட்டு வரல?" என்றாள்.

"யார் சொன்னா?"

"உங்க அம்மாதான். போன வாரம் அவங்க கடையிலதான் வாங்கினோம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல பார்த்த முகமாச்சே, எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. எங்க அம்மா வேற ஏதோ மட்டமானதைக் கையில வச்சுட்டு யோசிச்சாங்க. அப்பதான் உங்க அம்மா, 'எம் பொண்ணுக்கும் இதையேதான் எடுத்தேன் மேடம், ஆறு மாசமாச்சு, ஒரு தையல் பிரியல'ன்னாங்க. உடனே எடுத்துட்டோம்."

"ஆமா, வீட்டுல இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் அதுதான் வந்தது. வீட்டில் இருப்பது வாய் பிளந்த பழைய ஷூ. அம்மா பசை போட்டு ஒட்டி, மேலே வெள்ளை பூசிக் கொடுத்தது. அதைத்தான் அப்போதும் போட்டிருந்தேன். புல்லுக்குள் காலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை போட்டுட்டு வா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி!"

செப்டம்பர் 4, வியாழன்

அம்மாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வயிற்று வலி என்று விளையாட்டு மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். குதிரைவால் ஓடி வந்து பார்த்தாள். "வயித்து வலின்னா ஷூ போடக்கூடாதா?"

செப்டம்பர் 6, சனி

பள்ளி அரை நாள்தான். வழக்கம்போல அம்மாவின் கடைக்குப் போய், பின்பக்கம் அட்டைப் பெட்டி அடுக்குக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா பேசுவது: சாப்பிட்டியா. கதவைப் பூட்டினியா. படு.

கடையில் அம்மா வேறு ஆள். "வாங்க மேடம்! பாப்பாவுக்கா? அய்யோ, எம் பொண்ணும் இப்படித்தான், ஓடிட்டே இருப்பா. அவளுக்கு இதுதான் எடுத்தேன்." அடுத்து ஒரு கல்லூரி அக்கா வந்தாள். "எம் பொண்ணும் காலேஜ்தான், பஸ்ல நிக்கணும்ல, அதனால இந்தக் குதிகால்தான் அவளுக்கு ஒத்து வருது." அதற்கு அடுத்து ஒரு கல்யாணப் பெண். எம் பொண்ணு கல்யாணத்துக்கும் இந்தச் செருப்புதானாம்! ஒரே மதியத்தில் அந்தப் பெண் நடை பழகி, காலேஜ் போய், கல்யாணமும் முடித்துவிட்டாள். நான் மட்டும் ஏழாம் வகுப்புக் கணக்கிலேயே நிற்கிறேன்.

முன்பெல்லாம் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. அம்மா கடையில் சொல்லும் அந்தப் பெண்ணிடம் எல்லா ஷூவும் இருக்கிறது. அவளுக்கு எதுவும் கடிக்காது, எதுவும் பிய்யாது. அவளைப் பற்றிச் சொல்லும்போது அம்மாவின் முகம் எப்படி மின்னுகிறது! என்னைப் பற்றி யாரிடமாவது அப்படிச் சொல்லியிருக்கிறாளா?

பிறகு என் வயதில் ஒருத்தி வந்தாள். அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி ஷூவுக்குள் விட்டாள். நாடாவைக் கட்டினாள். கட்டைவிரலால் முனையை அமுக்கிப் பார்த்தாள். "நடந்து பாரு கண்ணு. எங்கயாவது கடிக்குதா?"

கண்ணு!

பெட்டிகளுக்கு நடுவில் எனக்கு வயிறு எரிந்தது. என் காலை அம்மா கடைசியாகத் தொட்டது எப்போது? ஞாபகமே இல்லை. அந்தப் பெண் கையில் போனை வைத்துக்கொண்டு, அம்மாவைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

சித்தி போன் செய்தாள். அம்மா காலை வாளியில் வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சித்தி பெரிய ஊரில் நகைக்கடையில் நிற்கிறாள்.

"இன்னும் எவ்ளோ நாளைக்குக்கா அடுத்தவங்க காலைப் புடிச்சுட்டு இருப்ப? இங்க ஆள் எடுக்கறாங்க, வந்துடு. நீ ஒரு மாசம் வாங்கறதை இங்க ரெண்டு வாரத்துல வாங்கலாம்."

"வாங்கலாம். பாதியை ஹாஸ்டல் கட்டில் வாடகைன்னு அந்த ஊரே திரும்ப வாங்கிக்கும்."

"மீதிப் பாதியே உன் முழுச் சம்பளம் ஆச்சே!"

"அப்ப எதுக்குடி நான் வரணும்?"

சித்தி விடாமல், "கமிஷன் இருக்குல்ல? ஒரு வளையல் தள்ளிவிட்டா போதும், நீ மாசம் பூரா மண்டி போட்டு விக்கிற கமிஷன்" என்றாள்.

அதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மேல்வீட்டு அக்கா போன் கடையில் நிற்கிறாள். போன் கம்பெனியே அவளுக்குத் தனியாகக் கமிஷன் தருகிறது. சித்தி நகை. அம்மா செருப்பு. மூன்று பேரும் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கத்தான் செய்கிறார்கள். அதில் மண்டி போடுவது அம்மா மட்டும்தான். அவளுக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவு. விற்கிற பொருளின் விலைதான் விற்கிறவர்களின் விலையா?

"பொண்ணை என்ன பண்றது?" என்றாள் அம்மா.

"பெரியக்கா வீட்டுல விடு. அங்க ஏற்கெனவே மூணு கிடக்கு, நாலாவதா இதுவும் ஒரு மூலையில கிடந்துட்டுப் போகுது."

"வேண்டாம்டி. இங்க வேலை இருக்கிற வரைக்கும் இருக்கேன். அப்புறம் பார்க்கலாம்."

இருக்கிற வரைக்கும். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இருக்கிற வரைக்கும் என்றால் எதுவரைக்கும்?

செப்டம்பர் 10, புதன்

ஷூ ஈரமாகிவிட்டது என்று குதிரைவாலிடம் சொன்னேன். மழையே பெய்யவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

"உங்கிட்ட நிஜமாவே இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

இருக்கு என்று சத்தியம் செய்தேன். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பயமாக இருக்கிறது. போன வருடம் அம்மாவின் கடையில் பை விற்கும் பிரிவில் ஓர் அக்கா இருந்தாள். எனக்கு மிட்டாய் தருவாள். ரெக்ஸின் பையைத் தோல் பை என்று சொல்லி விற்றுவிட்டாள். வாங்கினவர் வந்து சத்தம் போட, மேனேஜர் அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "வாய்க்கு வந்ததைச் சொல்லி வித்தா இந்தக் கதிதான்" என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னாராம்.

அம்மாவும் வாய்க்கு வந்ததைத்தானே சொன்னாள்?

செப்டம்பர் 18, வியாழன்

நடந்துவிட்டது. குதிரைவால் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "எங்க அம்மா சொன்னாங்க, உங்க அம்மா சும்மா கதை விட்டிருக்காங்கன்னு. எனக்குக் குதிகால் வேற உரியுது. சனிக்கிழமை ஷூவைத் திருப்பிக் குடுத்துட்டு மேனேஜர்கிட்ட சொல்லப் போறோம்."

அம்மாவுக்கு வேலை போகும். சித்தி ஊருக்குப் போவாள். நான் பெரியம்மா வீட்டு மூலை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், நீ ஏன்டி 'இருக்கு'ன்னு சொன்னே, என்று கேட்பாளே. நானும் பொய் சொன்னேன்தானே? அய்யோ என்ன பண்றது. எல்லாம் அவளால. அம்மா கடையில சொல்ற அந்தப் பொண்ணால. அவ செத்துப் போகட்டும்.

செப்டம்பர் 20, சனி

எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

கூட்டமான நேரத்தில் குதிரைவாலும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவள் அம்மா பெட்டியைக் கண்ணாடி மேசையில் டொம்மென்று வைத்தார். "உங்க பொண்ணும் இதே ஷூதான் போட்டிருக்கான்னு சொன்னீங்களே. அவகிட்ட அப்படி எதுவுமே இல்லையாம். மேனேஜரைக் கூப்பிடுங்க."

எதிரில் நிற்கும் பெண் என் வகுப்பு என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறந்தாள். கடையில் அம்மாவுக்குப் பேச்சு வராமல் நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் வந்துகொண்டிருந்தார்.

நான் பெட்டிகளுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டேன்.

"இருக்கு ஆன்ட்டி" என்றேன். "எங்கிட்ட இருக்கு. விளையாட்டு விழாவுக்குத்தான் போடுவேன்னு பத்திரமா வச்சிருக்கேன். ஸ்கூலுக்குப் போட்டா மண்ணாயிடும்ல?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது, அதனால் நிறுத்தவில்லை. "எனக்கும் முதல்ல குதிகால் உரிஞ்சுது ஆன்ட்டி. தடிமனான சாக்ஸ் போட்டு வீட்டுக்குள்ளயே நடந்தேன், சரியாயிடுச்சு. இதைவிட லேசான ஷூ கடையிலயே கிடையாது." குதிரைவாலின் முன்னால் மண்டியிட்டேன். எப்படி மண்டியிட்டேன் என்று தெரியவில்லை. பெட்டியிலிருந்த ஷூவை அவள் காலில் மாட்டி, நாடாவைத் தளர்த்திக் கட்டி, முனையைக் கட்டைவிரலால் அமுக்கினேன். "நடந்து பாரு. இப்பக் கடிக்குதா?"

அவள் நடந்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "என்ன மேடம், தாயை மிஞ்சிடுவா போல! இவளையும் வேலைக்கு எடுத்துக்கலாமா?" அவள் அம்மாவும் சிரித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது தெரியுமா? பயம் போய், ஜில்லென்று. ஐந்து நிமிடம் நான்தான் அந்தப் பெண். எல்லா ஷூவும் உள்ள பெண். ஆனால் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த மினுமினுப்பு இல்லை. அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அவள் பெட்டி கட்டியபோது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் கேட்டாள். "எத்தனை நாளா இதைச் சுமந்துட்டு இருந்தே?"

"மூணு வாரமா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது சொன்னாள். "நீ இனிமே கடைக்கு வர வேண்டாம். யார் கால்லயும் நீ மண்டி போட வேண்டாம்."

காப்பாற்றியது நான். வரக்கூடாது என்பதும் எனக்கே. அம்மா சொல்லும் அந்தப் பெண் மட்டும் தினமும் கடையில் இருக்கலாமாம்!

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று மாதக் கடைசி. கடையில் சரக்கு எண்ணினார்களாம். அம்மா ஒரு பெட்டியோடு வந்தாள். வெள்ளை ஷூ. குதிகாலில் நீலப் பட்டை.

துள்ளி எழுந்தேன்.

"குதிக்காத. இடது அஞ்சு, வலது நாலு" என்றாள். அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் யாருக்கோ ஜோடி மாற்றிப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டாளாம். வாங்கினவர்கள் வெளியூர், திரும்பி வரவே இல்லை. மிச்சம் நின்ற ஜோடியை அம்மா தலையில் கட்டி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார் மேனேஜர். இத்தனை வருடத்தில் அவள் ஒரு ஜோடி மாற்றிப் போட்டதில்லை. அன்றைக்கு ஏன் கை நடுங்கியது என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

"உக்காரு."

கட்டிலில் உட்கார்ந்தேன். அம்மா தரையில் மண்டியிட்டாள். கடையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. என் குதிகாலை உள்ளங்கையில் வாங்கினாள். அவள் கை சொரசொரவென்று இருந்தது, பசை வாசனை.

"நடந்து பாரு. எங்கயாவது கடிக்குதா?"

கண்ணு என்று சொல்லவில்லை. பரவாயில்லை.

என் அளவு ஐந்து. வலது கட்டைவிரல் மடங்கிக்கொண்டு நின்றது. சுவர்வரை போய்த் திரும்பினேன்.

"இல்லம்மா. கொஞ்சம்கூடக் கடிக்கல."

அக்டோபர் 10, வெள்ளி

விளையாட்டு விழா. ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தேன். வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. குதிரைவால் என் காலைப் பார்த்து, "ஏய், நிஜமாவே வச்சிருக்கே!" என்று கட்டிக்கொண்டாள். இனி அவளைப் பெயர் சொல்லியே எழுதலாமா என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

சித்தி மறுபடி போன். "கடைசியா கேக்கறேன், வர்றியா இல்லையா?"

"இல்லடி. வேற ஆளை எடுத்துக்கச் சொல்லிடு."

அவ்வளவுதான். நான் போர்வைக்குள் காலை நீட்டிப் படுத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

குதிரைவால் மதிய இடைவேளையில் வந்து, "உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

பகீரென்றது.

சனிக்கிழமை அவள் அத்தையோடு கடைக்குப் போனாளாம். அத்தை அந்த வெள்ளை ஷூவைத் தன் மகளுக்குக் கையில் எடுத்தாராம். அம்மா தடுத்துவிட்டாளாம். "'எம் பொண்ணு இதைத்தான் போட்டிருக்கா மேடம். வலது கால் கடிக்குது. கேட்டா இல்லன்னு சொல்லுவா, ஆனா படியேறும்போது பின்னாடி நின்னு பார்ப்பேன், அந்தக் காலை மெதுவாத்தான் வைப்பா. உங்க பொண்ணுக்கும் பாதம் அகலம். விலை கம்மியா வேற ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க'ன்னாங்க. எங்க அத்தை அதைத்தான் எடுத்தாங்க. உங்க அம்மாவுக்குக் கமிஷன் போச்சு, பாவம். ஏன் இப்படி விக்கறாங்க?"

தெரியாது என்றேன்.

மதியம் முழுக்கப் பாடம் காதில் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது வலது கால் கடிக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தெருவில் நாய் குரைத்தது. எட்டிப் பார்க்க எழுந்தேன். கதவோரம் என் ஷூ. இடது ஷூ காலியாக இருந்தது. வலது ஷூவுக்குள் ஈரச் செய்தித்தாளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறாள் அம்மா. கை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் இருக்கும் இடத்தில் தோல் விண்ணென்று விரிந்திருக்கிறது. தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.